முன்பக்கத்துப் பலகை

புருஷனைப் பறிகொடுத்த இடத்துக்கே பானுப்ரியா வாரத்தில் மூன்று நாலு முறை சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கேள்விப்பட்டவர்கள், "வயித்துப்பாடு, வேற என்ன பண்ணுவா பாவம்" என்று இரக்கப்பட்டார்கள். வயிற்றுப்பாடு இல்லை. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிக்காட்டுகிற வேலையிலேயே அவள் ஒருத்திக்குப் போதுமானது வந்துகொண்டிருந்தது. அவள் போனது சந்திரசேகரின் முகத்தைப் பார்க்க. தன்னைக் கண்டதும் அந்த முகம் ஒரு கணம் வெளிறிப்போய், பிறகு சிரிப்பதைப் பார்க்க. அந்த ஒரு கணத்துக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வெயிலில் வேனில் போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

மணப்பாறையைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், முள்ளுக்காடாகக் கிடந்த நிலத்தை வளைத்து சந்திரசேகர் கட்டியிருந்த கௌபாய் டவுன் வரும். அவர் தில்லை நகரில் ஆபீஸ் வைத்து வீட்டுமனை விற்றுப் பெரிய ஆளானவர். ஒருமுறை அமெரிக்காவுக்கு மகளைப் பார்க்கப் போனபோது, மாடு மேய்த்தவர்கள் வாழ்ந்த பழைய ஊர் ஒன்றை டிக்கெட் போட்டுக் காட்டுவதைப் பார்த்திருக்கிறார். மணப்பாறையும் மாட்டுச்சந்தை ஊர்தானே, இங்கே ஏன் கூடாது என்று தோன்றிவிட்டது.

சுற்றுவட்டாரத்துக்காரர்கள் அதைத் தொப்பி பார்க் என்றார்கள். உள்ளே நுழையும்போதே ஆளுக்கொரு அட்டைத் தொப்பி கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் மரப்பலகை முகப்புகள், முகப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள். 'பேங்க்' என்று எழுதியிருந்த கட்டடம் கழிப்பறை. 'சலூன்' என்ற போர்டைப் பார்த்து முடிவெட்டும் கடை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு நன்னாரி சோடா கிடைக்கும். கம்பிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு ஜெயில், மோட்டாரில் சுழன்று ஆளைத் தூக்கி எறிகிற ரப்பர் காளை, சவாரிக்கு இரண்டு மட்டக்குதிரை. வேலிக்குள் 'அமெரிக்கக் காட்டெருமை' என்று ஒன்று நின்றது. துவரங்குறிச்சிப் பக்கம் வாங்கிய எருமைதான், கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டியிருந்தார்கள்.

தெருவின் கோடியில் இரண்டு மாடி உயரத்துக்கு மரக்கால்கள் மேல் ஒரு பொய்த் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைச் சுற்றி ஆள் நிற்கிற அளவுக்குப் பலகை அடித்திருந்தது. மாலைக் காட்சியில் கொள்ளைக்காரன் அந்தத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பான். முன்பக்கத்துப் பலகைக்கு வந்து வசனம் பேசுவான். பிறகு பின்பக்கம் ஓடி, போலீஸ்காரனின் குண்டு பட்டு, கீழே போட்டிருக்கிற பஞ்சு மெத்தையில் மல்லாந்து விழுவான். கூட்டம் விசிலடிக்கும். அந்தக் கொள்ளைக்காரன் ரஞ்சித்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அப்பா சின்னையா அந்தத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சினிமாவில் சண்டைக்காரனாகப் போகிறேன் என்று சென்னைக்குப் போய், தோள்பட்டையை உடைத்துக்கொண்டு திரும்பி வந்தவன். தொப்பி பார்க் திறந்ததும் அங்கே சேர்ந்தான். வேனில் ஆட்களைக் கூட்டிவந்த பானுப்ரியாவை, காட்சி நடுவே கயிற்றை வீசித் தன் பக்கம் இழுத்தவன். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. காட்சி முடிந்ததும் வேன் பக்கத்தில் வந்து நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க, வேற யாரையும் இழுக்கத் தோணல" என்றான். அதற்குச் சிரித்தாள்.

கல்யாணமாகி நாலு வருஷம். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வசனம் பேசிக்கொண்டிருந்தபோதே முன்பக்கத்துப் பலகை முறிந்து, மெத்தை இல்லாத பக்கத்தில், குதிரைக்குத் தண்ணீர் வைக்கிற சிமென்ட் தொட்டியின் விளிம்பில் விழுந்தான். கொஞ்ச நேரம் கூட்டம் கைதட்டியதாம்.

அந்தப் பலகை உளுத்துப்போயிருந்தது அவனுக்குத் தெரியும். சந்திரசேகரிடம் பலமுறை சொல்லியிருந்தான். பானுப்ரியாவிடமும் சொல்லியிருந்தான். "காலுக்கடியில மெத்து மெத்துன்னு இருக்கு பானு. மாத்திடலாம் மாத்திடலாம்னே சொல்லிக்கிட்டு இருக்காரு."

விழுந்த மறுநாளே சந்திரசேகர் பேப்பர்காரர்களிடம், "நல்ல பையன். ஆனா குடிப்பழக்கம் உண்டு. அன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் ஏறியிருக்கான்" என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனில் குதிரைக்காரர் வெள்ளைச்சாமியும் அப்படியே வாக்குமூலம் கொடுத்தார். ரஞ்சித்தோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன். ரஞ்சித் பீடி வாடை கூடப் பொறுக்காதவன். போலீஸ் விபத்து என்று மூடிவிட்டது. அவன் உடம்பில் சாராயம் இருந்ததா என்று சோதித்தீர்களா என்று அவள் போய்க் கேட்டபோது, "எப்படியும் விபத்துதானேம்மா" என்றார்கள்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். சின்னையாவைத்தான் தாங்க முடியவில்லை. அவருடைய அண்ணன் குடித்தே செத்தவர். சாக்கடையிலிருந்து அவரைத் தூக்கித் தூக்கி ஓய்ந்தவர் சின்னையா. அந்த வீட்டில் குடி என்கிற சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள். ஓயாமாரிச் சுடுகாட்டில் மகனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தவர், மறுநாள் பேப்பரைப் படித்துவிட்டு எழுந்து போனார். கருமாதிக்கு வரவில்லை. அவருடைய திருவெறும்பூர் வீட்டுக்குப் போய் அவள் கெஞ்சினாள்.

"அவர் தொட்டதே இல்ல மாமா. உங்க புள்ளைய உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கண்ணனும் வீட்டுல தொட்டதே இல்லம்மா." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அதைச் சாத்திக்கொண்டார். சித்தப்பா மகன் ஒருவன் காரியத்தைச் செய்து முடித்தான்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது பானுப்ரியா அழவில்லை. சந்திரசேகர் தன் வாயாலேயே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆபீஸ் அறையில் இல்லை, ஊர் கேட்க. அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

*

தாஹா பாயிடம் சொந்த வேன் இருந்தது. காலையில் ஸ்ரீரங்கம், பிறகு மலைக்கோட்டை, சாப்பாடு முடிந்து மணப்பாறை. சந்தை நாளாக இருந்தால் மாட்டுச்சந்தையை ஒரு சுற்று, முறுக்கு வாங்க ஒரு நிறுத்தம், கடைசியில் தொப்பி பார்க்கில் துப்பாக்கிச் சண்டை. பானுப்ரியாதான் அவர் வேனுக்கு வழிகாட்டி. ரஞ்சித் போன பிறகு தொப்பி பார்க்கை விட்டுவிடலாம் என்றார் அவர்.

"வேணாம் பாய். போவோம்."

"மனசுக்குக் கஷ்டமா இருக்கும் தங்கச்சி."

"அவருக்கும் இருக்கட்டும்."

முதல் தடவை போனபோது, அந்தத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்குப் புதுசாகச் செங்காவி வண்ணம் அடித்திருந்ததைப் பார்த்தாள். பின்பக்கம் கைப்பிடிக் கம்பி ஒன்று முளைத்திருந்தது. பின்பக்கத்துப் பலகைகள் மாற்றப்பட்டிருந்தன. முன்பக்கத்தில் முறிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டு வண்ணம் பூசியிருந்தார்கள். இப்போது கொள்ளைக்காரன் முன்பக்கமே வருவதில்லை, வசனத்தைப் பின்னாலிருந்தே பேசிவிட்டு விழுந்துவிடுகிறான்.

அவள் தன் ஆட்களைச் சிமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கோயிலில் கோபுரத்தைக் காட்டிப் பேசுகிற அதே உரத்த குரலில் சொன்னாள்: "இங்கதான் ரஞ்சித்துன்னு ஒரு கலைஞர் விழுந்து செத்தாரு. மேல தெரியுதே முன்பக்கத்துப் பலகை, அது உளுத்துப்போயிருந்துச்சு. மாத்தச் சொன்னாரு. முதலாளி மாத்தல. செத்தப்புறம் குடிச்சிருந்தான்னு சொல்லிட்டாரு. அவரு எம் புருஷன்."

வேனில் வந்த கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்த்தது. ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் டிக்கெட் கவுண்டர் வாசலில் நின்ற சந்திரசேகரின் முகம் வெளிறியது. அன்று இரவு பானுப்ரியா நன்றாகத் தூங்கினாள்.

ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சேலத்துக்காரர்களிடம் சொன்னாள், ஆந்திராவிலிருந்து ரங்கநாதரைச் சேவிக்க வந்தவர்களிடம் அரைகுறைத் தெலுங்கில் சொன்னாள். மற்ற வேன்களில் வந்தவர்களும் நின்று கேட்டார்கள். யாரோ ஒருவன் அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டான். சந்திரசேகர் ஒழிந்தார் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் தொப்பி பார்க் வாசலில் கார்கள் வரிசைகட்டி நின்றன. எல்லோரும் நேராகக் கோபுரத்துக்குத்தான் போனார்கள். சிமென்ட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார்கள். "அந்த ஆளு எந்தப் பக்கம் விழுந்தாரு?" என்று அவளிடமே கேட்டான் ஒருவன், வாயில் பாப்கார்னோடு. "கறை இருக்கா இன்னும்?"

அன்று சந்திரசேகர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். தலையில் நிஜமான தோல் தொப்பி, காலில் முழங்கால் வரைக்கும் பூட்ஸ். முகம் வெளிறவே இல்லை.

"நீ நல்லா பேசுறேம்மா" என்றார். "எனக்கு வருத்தமில்ல. வாரத்துல எல்லா நாளும் வா. நானே மைக் தரேன். ஒரு போர்டு வெச்சுரலாம், லைட்டு போட்டு. ஆனா ஒண்ணு, அந்தப் பலகை விஷயத்த மட்டும் விட்டுரு. ஆவி நடமாட்டம்னு கொஞ்சம் சேத்துக்க. ஜனங்களுக்குப் புடிக்கும்."

அவள் கை தன்னையறியாமல் இடுப்புச் சேலையைப் பிடித்துக் கசக்கியது. இத்தனை நாள் தான் விஷம் என்று நினைத்து ஊற்றியதை அந்த ஆள் சோடாவாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ரஞ்சித்தின் சாவை இந்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக அவளே ஆக்கிவிட்டிருந்தாள்.

பக்கத்தில் கூட்டம் நின்றது. அவள் குரலை உயர்த்தினாள்.

"பலகை நல்லாத்தான் இருக்குங்கிறீங்களா சார்?"

"புத்தம் புதுசு. வேணும்னா யானைய நிப்பாட்டு."

"யானை எதுக்கு சார்? நீங்க ஏறி நில்லுங்களேன்."

யாரோ சிரித்தார்கள். நாலைந்து செல்போன்கள் அவர் பக்கம் திரும்பின. சந்திரசேகர் அந்தச் செல்போன்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். கூட்டத்தின் முன்னால் பின்வாங்கத் தெரியாத மனுஷர் அவர்.

"நிக்கிறேன். காணும் பொங்கலன்னைக்கு நானே கொள்ளைக்காரன் வேஷம் போடுறேன். எல்லாரும் வாங்க!"

கூட்டம் கைதட்டியது. பானுப்ரியாவும் தட்டினாள்.

*

அந்த வாரமே திருவெறும்பூருக்குப் போய்ச் சின்னையாவைக் கூப்பிட்டாள். அவர் வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"எதுக்கு நான் அங்க வரணும்?"

"உங்க காதால ஒண்ணு கேக்கணும் மாமா. அவ்வளவுதான்."

"எனக்கு எதையும் கேக்க வேணாம்."

அவள் திரும்பி வந்துவிட்டாள்.

வெள்ளைச்சாமியையும் பார்த்தாள். மட்டக்குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் குதிரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தனை மாசமும் அப்படித்தான் நின்றார்.

"அண்ணே, மேல அந்த முன்பக்கத்துப் பலகைய மாத்தினாங்களா?"

குதிரையின் பிடரிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "பின்னாடி மட்டுந்தான் மாத்துனாங்க. முன்னாடி யாரும் போறதில்லேன்னு விட்டுட்டாங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ரெண்டு பொண்ணு தங்கச்சி. அவரு கொடுத்த வீட்டுலதான் இருக்கேன். சொல்லலேன்னா காலி பண்ணுன்னாரு."

"இப்பவும் அங்கதான் இருக்கீங்களா?"

"ஆமா."

"நல்லா இருங்க" என்றாள். அந்தச் சொல்லில் இருந்ததைக் கேட்டு அவர் தலையைக் குதிரையின் கழுத்தில் சாய்த்துக்கொண்டார்.

அவளுக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சந்திரசேகரிடம் போய், முன்பக்கம் வராதீர்கள் என்று எச்சரித்திருக்கலாம். எச்சரிக்கவில்லை. எச்சரிக்கத்தான் வேண்டுமா? ரஞ்சித் எத்தனை முறை எச்சரித்தான்.

*

காணும் பொங்கலன்று தொப்பி பார்க் தெருவில் நிற்க இடமில்லை. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள், கரும்பும் கையுமாகக் கிராமத்துப் பெண்கள், பைக்குகளில் வந்த திருச்சிப் பையன்கள். எல்லோர் தலையிலும் அட்டைத் தொப்பி. தாஹா பாய் வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பானுப்ரியா கோபுரத்துக்கு நேர் கீழே, சிமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

சந்திரசேகர் கறுப்புக் கோட்டும் கழுத்தில் சிவப்புத் துணியுமாக வந்தார். நடிப்பவர்களின் குரல் தெரு முழுக்கக் கேட்பதற்காகக் காதோரம் மாட்டுகிற சின்ன மைக்கை அவருக்கும் மாட்டியிருந்தார்கள். அவர் மூச்சுவிடுவது கூட ஸ்பீக்கர்களில் கேட்டது. பின்பக்கத்து ஏணியில் ஏறினார். புதுப் பலகையில் காலை ஊன்றி, தொட்டியின் ஓரத்திலிருந்து தலையை நீட்டித் தொப்பியை ஆட்டினார்.

"பாத்தீங்களா? நான் நிக்கிறேன்! எப்படி இருக்கு நம்ம கோபுரம்!"

"தெரியல சார்!" பானுப்ரியா கத்தினாள். கோயில் பிரகாரத்தில் பேசிப் பழகின குரல். "முன்னாடி வாங்க!"

"இங்கேருந்தே தெரியும்மா..."

"முன்னாடி வாங்க சார்! ரஞ்சித் நின்ன எடத்துக்கு!"

பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "முன்னாடி! முன்னாடி!" விசில் பறந்தது. தோளில் இருந்த குழந்தைகளும் கத்தின. சந்திரசேகர் சிரித்தார். ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்புக்கு நடுவே எச்சில் விழுங்குவது கேட்டது. தொட்டியைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டிய பல்லி மாதிரி, ஒவ்வொரு காலாக நகர்த்தி முன்பக்கம் வந்தார். கடைசியில் ஒரு கையை மட்டும் விட்டு, தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

ஒட்டுப்போட்ட பலகை முறிந்து, சிமென்ட் தொட்டியில் மோதிச் சிதறியது. தொப்பியும் கூடவே விழுந்தது. சந்திரசேகர் விழவில்லை. பட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு துண்டுப் பலகையில் ஒற்றைக் காலை வைத்துத் தொங்கிக்கொண்டு நின்றார். பின்பக்கம் திரும்பிப் போக வழியில்லை, நடுவில் இப்போது ஓட்டை.

கூட்டம் கைதட்டியது. இதுவும் காட்சிதான் என்று நினைத்தது.

"வெள்ளைச்சாமி!" ஸ்பீக்கர்கள் அலறின. "ஏணி! ஏணிய கொண்டாடா! இந்தப் பலகை உளுத்ததுடா! அப்பவே சொன்னான்டா அவன்!"

கைதட்டல் இன்னும் பலமானது. வெள்ளைச்சாமி சீரியல் பல்பு மாட்டுகிற நீள ஏணியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். கோபுரத்தில் சாய்க்கப் போனபோது, பானுப்ரியா தரையில் கிடந்த ஏணிக் காலின் மேல் ஏறி நின்றாள்.

"தங்கச்சி, காலை எடு. விழுந்துருவாரு."

"யாரு சொன்னான் சார்?" அவள் அண்ணாந்து கேட்டாள். "பலகை உளுத்ததுன்னு யாரு சொன்னான்?"

"ஏணிய வெக்கச் சொல்லும்மா, தாயே..."

"யாரு சொன்னான்?"

"ரஞ்சித்! ரஞ்சித் சொன்னான்!" தெரு முழுக்க அந்தப் பெயர் கேட்டது. கழிப்பறை வாசலில், ஜெயில் கம்பிக்குப் பின்னால், எருமைக் கொட்டகையில், எங்கும்.

"எத்தனை வாட்டி சொன்னாரு?"

"நெறைய வாட்டி. நான்தான் மாத்தல. பொங்கலுக்கு மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்மா. கால் நடுங்குதும்மா..."

"அவரு குடிச்சிருந்தாரா?"

மேலேயிருந்து மூச்சு மட்டும் கேட்டது. வெள்ளைச்சாமி ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை மெதுவாகக் கீழே வைத்தார். வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சந்திரசேகர் அதைப் பார்த்தார்.

"குடிக்கல" என்றார். "அவன் குடிக்கல. குடிக்கவே மாட்டான். நான்தான் அப்படிச் சொன்னேன். வெள்ளைச்சாமியையும் நான்தான் சொல்லச் சொன்னேன். போதுமா? போதுமாம்மா?"

இவ்வளவு நாளாக அவள் கேட்க விரும்பியது அதுதான். கேட்டுவிட்டாள். காலை எடுத்துவிடலாம். ஆனால் கால் வரவில்லை. தலைக்கு மேலே அந்த ஆளின் பூட்ஸ் துண்டுப் பலகையில் தடதடவென்று அடித்துக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவர் தலையில் அட்டைத் தொப்பி இல்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. சின்னையா. பஸ் பிடித்து வந்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். அவர் மேலே பார்க்கவில்லை. முறிந்து கிடந்த பலகைத் துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மரம் மாவாக உதிர்ந்தது.

"மாமா" என்றாள். குரல் உடைந்தது. "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ஏணிய வெக்கச் சொல்றீங்களா?"

பெரியவர் சிமென்ட் தொட்டியின் விளிம்பைப் பார்த்தார். துண்டை எடுத்து அதைத் தட்டிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"இருக்கட்டும்" என்றார். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அவள் அவர் பக்கத்தில் நின்றாள், கால் ஏணியின் மேல். மேலே சந்திரசேகர் அழ ஆரம்பித்தார். ஸ்பீக்கர்கள் அந்த அழுகையைத் தெருவெங்கும் கொண்டுபோயின. கைதட்டல் ஒவ்வொரு இடமாக ஓய்ந்தது. ஒரு பெண், "ஐயோ, இது நெசம்டீ!" என்று கத்தினாள். அதன் பிறகுதான் பையன்கள் ஓடிவந்தார்கள். பின்பக்கத்து மெத்தையை இழுத்து வந்து போட்டார்கள். ஒருவன் அவளிடம், "அக்கா, காலை எடுங்க" என்றான். அவள் எடுத்தாள். சின்னையாவும் எழுந்து வழிவிட்டார்.

சந்திரசேகரை இறக்கியபோது அவர் பேன்ட் நனைந்திருந்தது. தரையில் உட்கார்ந்தவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. காதிலிருந்த மைக்கைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவர் விக்குவது வெகுநேரம் வரை கேட்டுக்கொண்டிருந்தது.

*

நூற்றுக்கணக்கான செல்போன்களில் அது இருந்தது. மறுநாள் அதிகாரிகள் வந்து தொப்பி பார்க்கைப் பூட்டினார்கள். வெள்ளைச்சாமி ஸ்டேஷனுக்குப் போய்த் தன் வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு மட்டக்குதிரைகளில் ஒன்றோடு மச்சான் ஊருக்குப் போய்விட்டார் என்று தாஹா பாய் சொன்னார். சந்திரசேகர் கைதாகி, ஜாமீனில் வந்தார். மிரட்டிச் சொல்ல வைத்தார்கள் என்று அவர் வக்கீல் புகார் கொடுத்தார். அதற்காக பானுப்ரியாவையும் விசாரித்தார்கள்.

"ஏணிய வேணும்னே தடுத்தீங்களா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆமா சார்."

"அவரு விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "இத நான் எழுதல. இனிமே யார்கிட்டயும் இப்படிச் சொல்லாதீங்க."

அவள் மீதும் ஒரு வழக்கு இருக்கிறது. இரண்டு வழக்குக்கும் வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. வாய்தா அன்று கோர்ட்டு வாசலில் சந்திரசேகர் காரிலிருந்து இறங்குவார். தலையில் தொப்பி எதுவும் இருக்காது. அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். முன்பு அந்த முகம் வெளிறுவதைப் பார்க்க ஆசைப்பட்டவள், இப்போது அதைத் தேடுவதில்லை. ஆனால் பாவம் என்றும் தோன்றியதில்லை. தோன்றும் என்று சிலர் சொன்னார்கள். அவள் காத்துப் பார்த்தாள், தோன்றவில்லை.

ஆடி வந்தது. ரஞ்சித்தின் முதல் திதியன்று சின்னையா விடியற்காலையிலேயே ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டார். அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது. புரோகிதர் சொல்லச் சொல்ல, பெரியவர் மகன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பெயரைச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், பக்கத்துப் படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

முடிந்து மேலே ஏறி வந்ததும் இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே அவர் எதிர்த்தாற்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"மாமா, அன்னைக்கு ஏணிய வைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பேன்."

சின்னையா டீயை ஒரு வாய் குடித்தார்.

"தெரியும்" என்றார். "அதான் சொல்லல."